ஓடேறிய கொடி

மாடித் தொட்டியில் சுரை இலை ஒன்றைக் கிள்ளினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே, இன்றைக்குக் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் கருவடிக்குப்பத்து வீட்டின் குறுக்குச்சுவர் கண்முன் வந்து நின்றுவிட்டது. பாகம் பிரித்தபின் எழுப்பிய சுவர் அது. இந்தப் பக்கம் அப்பா பரங்கி போட்டிருந்தார், அந்தப் பக்கம் பெரியப்பா சுரை. அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, ஆனால் கொடிகள் இரண்டும் சுவர்மேல் ஏறி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, பெரியப்பாவின் ஓட்டுக்கூரை வரை போய்விட்டன. பூத்துவிட்டால் குழப்பமே இல்லை: பரங்கி விடியலில் மஞ்சளாக விரியும், சுரை சாயங்காலம் வெள்ளையாக. அப்போது இரண்டிலும் மொட்டுதான்.

ஒரு மத்தியானம் ஓடு ஒன்று சரிந்து உடைந்தது.

“உன் பரங்கி என் ஓட்டைப் பேர்க்குதுடா!” என்று கத்தியபடி பெரியப்பா கொடுவாளோடு ஏறி, கையில் சிக்கிய தண்டை வெட்டினார். தடுக்கப் போன அப்பாவின் உள்ளங்கையில் அடுத்த வெட்டு இறங்கியது. இலையெல்லாம் ரத்தம்.

பக்கத்துக் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு அப்பா திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வெட்டுண்டு துவண்ட கொடியில் ஒரு பூ வெள்ளையாக விரிந்திருந்தது.

“அண்ணே, பூவைப் பாரு. உன் சுரையத்தான் நீயே வெட்டியிருக்க,” என்று அப்பா சிரித்தார்.

பெரியப்பா பார்த்தார்.

“அப்போ உன்னுது இன்னும் இருக்குதா?” என்று கேட்டுவிட்டு, கொடுவாளை எடுத்துக்கொண்டு மறுபடி சுவரேறினார்.

விடிந்தபோது அறுந்து கிடந்த எங்கள் கொடியிலும் ஒரு பூ விரிந்திருந்தது, மஞ்சளாக.