வாத்தியார் போன பிறகு

இன்று படகுக்குத் தார் பூசும் வாடை அடித்ததும், காசிமேட்டுக் கரையில் தார் பூசிய தகரக் கூரையின் கீழ், அலைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்த பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அங்கிருந்த ஒரே வாத்தியார் குடிசை குடிசையாக வந்து பெண்பிள்ளைகளை அழைத்துப் போவார். என் அக்காதான் அவருக்குச் செல்லம்.

அவர் தேர்தலில் நின்றபோது குப்பமே ஓட்டுப் போட்டது. அவர் சட்டசபைக்குப் போனார். வேறு வாத்தியார் வரவில்லை, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், அக்கா மீன்கூடை சுமந்தாள்.

அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வாத்தியார், கூடையோடு நின்ற அக்காவிடம், “நல்லாப் படிக்கிறியாம்மா?” என்றார்.

“படிச்சிகினு கீறேன் சார்.”

அவர் திருப்தியாக அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

“இன்னாத்துக்குடி பொய் சொன்ன?” என்றாள் அம்மா.

“பள்ளிக்கூடம் மூடுனதே தெரியாதவருகிட்ட வேற இன்னாத்த சொல்றது?”

அதன் பிறகும் அவர் நான்கு முறை ஜெயித்தார். அம்மாவின் ஓட்டு எப்போதும் அவருக்குத்தான்.