கப்பலின் வயிற்றைத் தொட்ட கதை

மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டபோது நான் வாசலில் கொத்தமல்லி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த லீவுக்கு வரும்போது ஒன்னையும் அப்பாவையும் தூத்துக்குடி கூட்டிட்டுப் போறேன். ஊரச் சுத்திக் காட்டுறதுக்குன்னே ஒரு பொண்ணு இருக்கா. நமக்கு மட்டும் தனியா வந்து, தெருத் தெருவா நடந்து, பழைய கட்டடம், கடக்கரை எல்லாத்துக்கும் கதை சொல்லுவா. பேசி முடிச்சிட்டேன்."

"நடக்கிறதுக்கு ஆளு வச்சுக்கிடணுமாக்கும்? நான் தெனமும் காட்டுக்கும் வீட்டுக்கும் நடக்குறேனே, எனக்கு யாரு வந்து கதை சொல்றா?" என்றேன்.

"அப்பா சொன்ன ஊர அப்பாவோட சேந்து பாக்கணும்மா. அம்புட்டுத்தான்."

போனில் சத்தம் பெரிதாக வைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு எல்லாம் கேட்டிருக்கும். உடைத்த கை அப்படியே நின்றது. "முட்டு வலிக்குது. நான் எங்கிட்டு நடக்க?" என்றார்.

"நேத்து ஆட்டைப் பத்திக்கிட்டு வரப்புல ஓடுனப்ப வலிக்கலயோ?"

அவர் மறுபடி கடலையை உடைக்க ஆரம்பித்தார். அவருக்கு வலி முட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் மழை தப்பி, காடு விதைக்காமல் கிடந்தது. அவர் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பஞ்சு லாரி ஓட்டினார். பொதி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போவார், இறக்கிவிட்டு வருவார். திரும்பி வந்தால் சட்டையெல்லாம் பஞ்சுத் தும்பு ஒட்டியிருக்கும். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருப்பேன், அவர் கதை சொல்வார். "கப்பல் நம்ம திருச்சுழிக் கோயில் கோபுரம் ஒசரம். கிட்டப் போயி அதோட வயித்தத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு கெடந்துச்சு. மேல ரெண்டு பொகக்கூண்டு. அடிவயிறு செவப்பு. மூக்குல ஒரு கொடி பறக்குது."

கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஒரு நாள் அடுப்படியில் உலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், விதைக்கடையில் கொடுத்த காலண்டரில் அதே கப்பல். இரண்டு புகைக்கூண்டு, சிவப்பு வயிறு. கொடியைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார் மனுசன். சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. காட்டில் பருத்தி எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களுக்கு நானும் அந்தக் கப்பலைச் சொன்னேன். அவர் கோபுரம் உயரம் என்றால், நான் கோபுரத்துக்கு மேலே ஒரு பனையையும் சேர்த்து நிறுத்துவேன். புருசன் பார்த்த கப்பல் சின்னதாக இருந்தால் எனக்கு என்ன மரியாதை?

பிறகு மகள் பிறந்து, அவளுக்குச் சோறு ஊட்டுகிற நேரமெல்லாம் அந்தக் கப்பல்தான். ஆடி மாதம் திருச்செந்தூர் போகும்போது பஸ் தூத்துக்குடிக்குள் நின்று போகும். அவள் இறங்கலாம் என்று அழுவாள். "பாத்த ஊருதான, பெறகு பாப்போம்" என்று இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டை வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று இரண்டு கட்சியும் எழுந்து போகும். அப்படிப்பட்ட மனுசர், வயதான காலத்தில், பெற்ற மகள் முன்னால் பொய்க்காரராக நிற்கக் கூடாது. மல்லியைக் கூட்டி அள்ளும்போதே முடிவு பண்ணிவிட்டேன். ஊரைப் பார்க்கிறேனோ இல்லையோ, இவர் மானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாளும் வந்தது. மகள் ரயிலில் நேரே தூத்துக்குடி வந்துவிட்டாள். நாங்கள் எம்.ரெட்டியபட்டி வழியாக அருப்புக்கோட்டை போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம். இவர் மீசையை ஒதுக்கி, பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். நான் ஒரு பை நிறையச் சேவும், துணியில் கட்டிய எள்ளுருண்டையும் கொண்டுபோனேன். ஊர் காட்ட வருகிற பிள்ளை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதானே.

அந்தப் பிள்ளை கடலோரத்துப் பெண். குடை, தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. இவரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"தாத்தாவுக்கு இந்த ஊரு அத்துப்படின்னு உங்க மக சொன்னாவ. எனக்கு இப்பவே பயமா இருக்கு. தப்பாச் சொல்லிட்டேன்னா திருத்திருங்க, என்ன?"

இவர் தொண்டையைச் செருமினார். நான் சேவுப் பையைப் பிரித்தேன். "மொதல்ல இதத் தின்னு தாயி. சொல்லச் சொல்லத் தொண்டை காயும்."

நடந்தோம். மாதா கோயிலைக் காட்டினாள், உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். பிறகு பழைய வியாபாரிகள் இருந்த தெரு. மரத்தூண் வைத்த மாடிகள், பச்சை அடித்த சன்னல்கள். பருத்தியின் பெயர் வைத்த ரோட்டைக் காட்டி, "ஒங்க பக்கத்துக் கருசக்காட்டுப் பஞ்செல்லாம் இந்த வழியாத்தான் வரும் ஆச்சி" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் கையால் எடுத்த பஞ்சு இந்த ரோட்டில் போயிருக்கும்.

அந்தப் பெருமையை அனுபவிக்க விடாமல் மகள், "அப்பா, உங்க லாரி எங்க நிக்கும்?" என்றாள்.

"இந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பா சிமிட்டியா?" என்று நான் குறுக்கே கேட்டேன். சுண்ணாம்பு என்று அந்தப் பெண் ஆரம்பித்து நெடுநேரம் சொன்னாள். அடுத்த முக்கில் மகள் மறுபடி வாயைத் திறந்தாள். எனக்குத் தண்ணீர் தவித்தது. அதற்கடுத்த முக்கில் சேலைக் கரையில் முள் மாட்டியது. மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னம்மா ஒனக்கு இன்னைக்கு?"

"வெயிலு" என்றேன்.

கடைசியில் அந்தப் பெண், முந்தி பஞ்சுப் பொதி அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே காலி. மேலே உத்திரத்தில் மட்டும் ஒன்றிரண்டு தும்பு சிலந்திவலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நானும் இவரும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றினோம். எங்கள் பக்கத்தில் களத்திலோ பருத்தி குவித்த இடத்திலோ செருப்புக் கால் வைக்க மாட்டோம்.

"போட்டுக்கிட்டே வரலாம் ஆச்சி, ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"யாரும் சொல்லித்தான் செய்யணுமா?" என்று வாசல் ஓரம் இரண்டு சோடியையும் சேர்த்து வைத்தேன். வந்த வாசல் வழியாகத்தானே திரும்புவோம் என்று நினைப்பு. அந்தப் பெண்ணோ பேசிக்கொண்டே பின்வாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே கடல் காற்று முகத்தில் அடித்தது. வெறுங்காலை யார் நினைத்தார்கள்?

கடலைப் பார்த்து நின்று அவள் சொன்னாள்: "புதுத் துறைமுகம் கட்டுறதுக்கு முந்தி பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது, பாத்துக்கிடுங்க. இங்க ஆழம் கிடையாது. கப்பல் அந்தா, கண்ணுக்கு எட்டாத தூரத்துல நிக்கும். பஞ்சுப் பொதியத் தோணியில ஏத்தி அங்க கொண்டுபோயிக் குடுப்பாவ. கரையில நின்னு கப்பலக் கிட்டத்துல பாத்தவங்க யாருமே இல்ல."

மகள் திரும்பினாள். "அப்பா, நீங்க லாரி ஓட்டுனதும் அதுக்கு முந்திதான? கப்பல் வயித்தத் தொட்டுப் பாத்தேன்னு சொல்வீகளே?"

இவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது. சுண்ணாம்பும் தண்ணீரும் முள்ளும் முடிந்துபோய் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் தார் ரோட்டுச் சூடு உள்ளங்காலில் ஏறியது.

"ஆத்தாடி, செருப்பு" என்றேன். "அங்கனயே விட்டுட்டு வந்துட்டோமே."

"நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்று இவர் உடனே கிளம்பினார். அந்தப் பெண் தான் போவதாகச் சொன்னாள். "நீ இரும்மா. எனக்குத் தெரியாத வழியா?" என்று விறுவிறுவென்று ஒரு சந்துக்குள் நுழைந்தார். கிட்டங்கி எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இவர் போனது வடக்கே.

"நான் கூடப் போறேன், நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

சந்தில் நிழல் இருந்த பக்கமாகக் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தோம். ஒரு திருப்பத்தில் மீன் காய்கிற வாடை, அடுத்ததில் ஒரு ஐஸ் பெட்டி வண்டி. "இப்பிடித்தான்" என்பார். கொஞ்சம் போய், "இல்ல, அப்பிடி" என்பார். நான் பின்னாலேயே நடந்தேன். சந்து முடிந்து ஒரு நீளமான மதில் வந்தது. காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. மதிலை ஒட்டி ஒரு பெரிய பூவரச மரம். இவர் நின்றார். மரத்தையும் பார்த்தார், மதிலையும் பார்த்தார். பிறகு போய் மதிலில் கையை வைத்தார்.

"இதுதான்" என்றார்.

"என்ன இது?"

"நான் பாத்த தூத்துக்குடி. லாரியெல்லாம் இந்தச் செவுத்தோரமா வரிசையா நிக்கும். லோட விட்டுட்டு எங்கயும் போக முடியாது. நம்ம முறை வந்தா உள்ள போயி எறக்கிட்டு அப்பிடியே ஊருக்கு. செவுத்துக்கு அங்கிட்டுக் கடலு சத்தம் கேக்கும். எட்டிப் பாக்கணும்னு ஆசையா இருக்கும். ஒசரம் எட்டாது." கையை எடுக்கவில்லை. "ஒனக்கு வந்து செவுத்தயா சொல்லச் சொல்ற? அந்தக் கப்பலு..."

"காலண்டரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "எப்பத் தெரியும்?"

"தொங்குனது என் அடுப்படியில. வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நல்லாத்தான சொன்னீக. கேட்டா நிறுத்திருவீக."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் மதிலில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். சைக்கிளில் போன ஒரு ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில் மகளும் அந்தப் பெண்ணும் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மகள் கையில் இரண்டு சோடி செருப்பும் இருந்தது. "கிட்டங்கி அந்தப் பக்கம் இருக்கு, இங்க என்ன பண்றீக?"

நான் முந்திக்கொண்டேன். "உங்கப்பா லாரி நின்ன எடம் இதுதான். காட்டுறதுக்குக் கூட்டிட்டு வந்தாக."

அந்தப் பெண் இவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி. "தாத்தா பாத்தது பெரிய தோணியா இருக்கும்க்கா. அதுவும் வீடு ஒசரம் இருக்கும். மொத மொதப் பாக்குறவங்களுக்குக் கப்பல்னுதான் தோணும்" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மகளும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். இவர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

இவர் ஆட்டவில்லை. மகளிடமிருந்து செருப்பை வாங்கிக் கீழே போட்டு, ஒவ்வொரு காலாக நுழைத்துக்கொண்டார். "இல்ல தாயி. தோணியும் பாக்கல, கப்பலும் பாக்கல. இந்தச் செவுத்தத்தான் பாத்தேன். மத்ததெல்லாம் காலண்டரு."

மகள் மதிலைப் பார்த்தாள். பூவரச இலை ஒன்று அவள் தோளில் விழுந்தது, அதைக்கூடத் தட்டவில்லை. பிறகு அவள், "அந்தக் கப்பலத்தான் ஏம் பிள்ளைகளுக்கும் சொல்லிச் சோறு ஊட்டுனேன்" என்றாள். சொல்லிவிட்டு அப்பா கையைப் பிடித்தாள். "சரி, நடங்க. தொடாம ஊருக்குப் போகப் போறதில்ல."

அந்தப் பெண் எங்களைத் தோணி கட்டுகிற கரைக்குக் கூட்டிப்போனாள். பழுது பார்ப்பதற்காக ஒரு தோணியை மணலில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கிற உயரம். புகைக்கூண்டும் இல்லை, சிவப்பும் இல்லை, கருத்த பலகை. இவர் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். இந்தத் தடவை இரண்டு பேரும் கையிலேயே வைத்துக்கொண்டோம். இவர் மற்றக் கையை நீட்டித் தோணியின் வயிற்றில் வைத்தார். நான் பக்கத்தில் வைத்தேன். மகளும் வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கா?" என்றேன்.

"கொதிக்குது" என்றார்.

வெயிலில் நின்ற பலகை, பின்னே எப்படி இருக்கும்? மகள் சிரித்த சிரிப்பில் மேலே வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மிச்சமிருந்த சேவு, எள்ளுருண்டை எல்லாவற்றையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மூன்று பேரும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம். மகள் சன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். முன் சீட்டில் இருந்த பாளையம்பட்டிக்காரர் ஒருவர் திரும்பி, "எங்க போயிட்டு வாரீக?" என்று பேச்சுக் கொடுத்தார்.

"தூத்துக்குடியில ஒரு தோணி பாத்துட்டு வாரோம்" என்றார் இவர். "தொட்டே பாத்தோம். என்னா ஒசரம்ங்கிறீக, ஒரு பனை ஒசரம் இருக்கும்."

பாளையம்பட்டிக்காரர் நம்பாதது போல என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பனை" என்றேன்.