காற்றை நிறுத்திய படுதா

2023 ஏப்ரல் 18, செவ்வாய். காலை ஆறு மணிக்குக் காபி. ஏழு மணிக்கு முந்தைய நாள் வரைபடங்களின் அளவுகளைச் சரிபார்த்தேன். எட்டரைக்குக் கோட்டையூரில் டவுன் பஸ் ஏறி, ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன். வழக்கமாக முதலில் துறைத்தலைவர் அறைக்குப் போவேன். அன்று பந்தல்காரர் நாகப்பனைக் கூட்டிக்கொண்டு கணிதத் துறைக் கட்டிடத்தின் மேற்குக் கோடிக்குப் போனேன்.

அது ஒற்றைத் தளக் கட்டிடம். கிழக்கு மேற்காக ஒரு நீண்ட வராந்தா, அதன் இருபுறமும் வகுப்பறைகள். வராந்தாவின் இரண்டு முனையிலும் வெறும் கிரில்தான். அதனால் கோடையிலும் உள்ளே காற்று ஓடும்.

பத்து ஆசிரியர்கள் ஒரே ஹாலில் மேசை போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனி அறைகள் கட்டுவதுதான் நான் வடிவமைத்துக்கொண்டிருந்த விரிவாக்கத்தின் நோக்கம். வராந்தாவை மேற்கே நீட்டி, பக்கத்துக்கு ஐந்து அறை வரைந்திருந்தேன். துறைத்தலைவர் அருளானந்தம் சாரோ, முந்தைய சந்திப்பில், வராந்தாவின் முடிவில் குறுக்கே தனக்குப் புது அறை வேண்டும் என்றார். நடுவில் அவர் அறை, ஒரு பக்கம் மீட்டிங் அறை, மறுபக்கம் விருந்தினர் அறை.

“உக்காந்த இடத்துல இருந்தே யாரு எத்தனை மணிக்கு வாராகன்னு எனக்குத் தெரியணும் மேடம்.”

“மேற்கு அடைபட்டா காத்து ஓடாது சார்.”

“காத்து கிழக்க இருந்துல்ல வருது! அங்குட்டு அடைச்சா என்ன?”

வெளியேற வழியில்லாவிட்டால் காற்று உள்ளேயும் வராது என்று கணினியில் படம் போட்டுக் காட்டினேன்.

“அம்புக்குறி போட்டா ஆச்சா? வேணும்னா ஒரு நாள் அடைச்சுத்தான் பாருங்களேன்” என்றார்.

அதற்காகத்தான் நாகப்பன் வந்திருந்தார்.

“என்ன விசேஷம் மேடம்? மேடைக்கா, சாப்பாட்டுக்கா?”

“காத்தை நிறுத்தணும்ண்ணே.”

“காத்து வரணும்னுதான் என்னையக் கூப்பிடுவாக. நிறுத்தச் சொல்லி நீங்கதான் மொத ஆளா வந்திருக்கீக.”

சிவப்பும் மஞ்சளுமான இரட்டைத் துணிப் படுதாவை மேற்குக் கிரில்லில் இறுக்கிக் கட்டினார். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று நான்கு மாணவர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பதினொரு மணிக்கு வகுப்பறைகளில் மின்விசிறிகள் வெக்கையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஆசிரியர்கள் விடைத்தாள்களால் விசிறியபடி வெளியே வந்துவிட்டார்கள். முதுகில் சட்டை ஒட்ட, அருளானந்தம் சாரும் வந்தார்.

“ஒத்துக்கிட்டேன் மேடம், தொறந்தே இருக்கட்டும். ஆனா நடுவுல வரவேண்டிய என் ரூமு போயிருமே? மீட்டிங் ரூமும் விருந்தாளி ரூமும் எனக்கு வேணும். கடைசியா வேலைக்குச் சேந்த ஆளுக்குள்ள ரூமை எனக்குக் குடுத்துருங்க.”

கடைசியாகச் சேர்ந்தவர் மீனாள். ஹாலில் மாணவர்களுக்குச் சந்தேகம் சொல்லித்தர ஒரு நாற்காலி போடக்கூட அவர் மேசையருகே இடமில்லை. அவரும் அங்கேதான் விசிறிக்கொண்டு நின்றார்.

“சார், உங்களத் தேடி வர்ற விருந்தாளிக எல்லாம் காத்து வருதுன்னு வராந்தாவுல நின்னே பேசிட்டுப் போயிடுறாக. அவுகளுக்கு எதுக்கு ரூமு?”

எல்லோரும் சிரித்தார்கள். சாராலும் அடக்க முடியவில்லை.

“ஏம்மா, நீ கணக்கு வாத்தியாரா, வக்கீலா? சரி மேடம், விருந்தாளி ரூமை எனக்குப் போட்டுருங்க. வராந்தாப் பக்கம் ஒரு சன்னல் மட்டும் பெருசா வைங்க.”

நாகப்பன் முடிச்சை அவிழ்த்ததும் விடைத்தாள்கள் பறந்தன. ஆளுக்கொரு பக்கம் ஓடிப் பொறுக்கினோம்.

கட்டிடம் வடிவமைக்கும் இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இருக்கிற கட்டிடத்தோடு புதிதாக எதையும் சேர்க்குமுன், அங்கே இருப்பவர்கள் நினைக்காமலே அனுபவிக்கும் வசதி எது என்று கண்டுபிடியுங்கள். அது இல்லாமல் ஒரு காலைப் பொழுதை அவர்கள் கழிக்கட்டும். பிறகு வரைபடம் காட்டினால் போதும்.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும், வேறு எதையும் தொடாமல், பத்தாவது அறைக்குள் ‘மீனாள்’ என்று எழுதினேன்.