விருந்தாளிப் பானை

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்த கதையைக் கேட்டால் டெல்லியில் திட்டம் போட்டவர்கள் பூரித்துப் போவார்கள். நீலக் குழாய், சிமெண்ட் மேடை, மேலே பெயர்ப் பலகை, எல்லாம் ஜோர். திறந்தால் தண்ணீரும் வந்தது. ஆம்பூரில் தோல் கழுவிய உப்பெல்லாம் பாலாற்று மணலில் இறங்கி, அங்கே போட்ட போர்வெல் வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும்.

குடிக்க வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி வரும். தெருவே அதை நம்பித்தான் இருந்தது.

என் மாமியாருக்கு ஒரு கொள்கை உண்டு. லாரித் தண்ணீர் வீட்டு மனிதருக்கு, கடையில் வாங்கும் கேன் தண்ணீர் விருந்தாளிக்கு. அதற்கென்று தனிப் பானை, தனி டம்ளர். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தைத்துவிட்டு வந்து நான் அந்தப் பானையைத் தொட்டால் முறைப்பார்.

ஒருநாள் குழாய்த் தண்ணீரைச் சரிபார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். சோதிக்கும் கருவி எதுவும் கையில் இல்லை. நாக்கு போதும் என்று நினைத்திருப்பார். மாமியார் ஓடிப்போய் விருந்தாளிப் பானையில் மொண்டு நீட்டினார். அவர் மடமடவென்று குடித்தார்.

"நல்லா இனிப்பா இருக்கே. குழாய்த் தண்ணியாம்மா?"

வந்தவர் மனம் கோணக் கூடாதே. "ஆமா சார்," என்றார் மாமியார். பின்னாலிருந்து நான் காட்டிய ஜாடையெல்லாம் வீண்.

மறுவாரம் லாரி வரவில்லை. கேட்டால், உங்கள் குழாயில்தான் இனிப்புத் தண்ணீர் வருகிறதே என்றார்கள். தெருவே எங்கள் வாசலில் கூடி மாமியாரின் உபசாரத்தைப் பாராட்டியது. அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நடையாய் நடந்து அதே அதிகாரியை மறுபடி வரவழைத்தோம். சித்திரை மாதத்து வெயில். சட்டை நனைந்து ஒட்ட நாற்காலியில் சாய்ந்தார். மாமியார் அதே டம்ளரில், இந்த முறை எல்லோரும் பார்க்கக் குழாயைத் திறந்து பிடித்து நீட்டினார். அவர் டம்ளருக்குள் பார்த்தார். மூக்கு சுருங்கியது.

"வேணாம்மா, தாகம் இல்ல."

"எங்களுக்கு இருக்குது சார்," என்றார் மாமியார். "லாரிய அனுப்புங்க."