சாம்பிராணிமேல் விழுந்த பழி

கடலிலிருந்து இத்தனை தொலைவில், வடக்குப்பட்டு கிராமத்தை ஒட்டிய ஒரு தெருவில், முன்பு மாடுகள் கட்டியிருந்த இடத்தில் மோட்டார்ப் படகு ஒன்று நிற்பதற்கு ஊரார் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதன் உரிமையாளர் தணிகாசலம் தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது: என்ஜின் நல்ல என்ஜின், அதைச் சுற்றிப் படகு இருந்தது, அதையும் சேர்த்தே எடுத்துவர வேண்டியதாயிற்று.

கடற்கரையோர விடுதி ஒன்று கழித்துக் கட்டிய படகு அது. என்ஜின் பின்னால் தொங்காது. படகின் வயிற்றுக்குள்ளேயே, மரப்பலகை மூடியின் கீழே உட்கார்ந்திருக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்த அந்த நொடியிலேயே தணிகாசலம் தம் வசம் இழந்துவிட்டார் என்று அவர் மனைவி சந்திரம்மாள் சொல்கிறார். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை என்பது அவருடைய கூடுதல் குறிப்பு.

தணிகாசலத்துக்கு ஒரகடத்தில் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. லைனில் கோத்து முடித்த என்ஜின்களைக் கடைசியாகச் சோதிப்பவர் அவர். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர்: ஓகே. குறை இருந்தால் சிவப்பு அட்டை: என்ஜி, அதாவது நாட் குட். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் சாலை நெடுகிலும் என்ஜி என்பது ஏறக்குறையத் தமிழ்ச்சொல்லாகிவிட்டது. ஊசிப்போன சாம்பார் என்ஜி. நேரத்துக்கு வராத ஷேர் ஆட்டோ என்ஜி. பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கும் மாப்பிள்ளை வீடும் என்ஜிதான்.

லைனில் தாம் நிற்கும் ஸ்டேஷனைத் தாண்டி ஓர் என்ஜியும் போனதில்லை என்பது தணிகாசலத்தின் பெருமை. அந்தப் பெருமை ஷிப்ட் முடிந்ததும் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். வீட்டில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர் உண்டு. எங்கே எது பழுதானாலும் அது முந்தைய ஸ்டேஷனிலிருந்து வந்த குறை என்பது அவருடைய அசையாத கொள்கை. தம் கையால் வைத்த ரசத்தில் உப்புக் கரித்தபோதும் அவர் உப்புப் பாக்கெட்டைத்தான் திருப்பித் திருப்பிப் படித்தார்.

இப்படிப்பட்டவர் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றதுதான் வினையாகிவிட்டது. தைப்பூசத்தன்று ஊர் ஏரியில் தெப்பம் விடுவது வழக்கம். டிரம்களின்மேல் பலகை பரப்பி, அதில் முருகனை எழுந்தருளச் செய்து, கரையிலிருந்து ஆட்கள் வடம் பிடித்து மூன்று சுற்று இழுப்பார்கள். வடக்காரர்களுக்குத் தலைவர் ரகுபதி. தணிகாசலத்தின் பங்காளி, கம்பெனி பஸ் ஓட்டுபவர். இந்தத் தையில் வடம் வேண்டாம், என் படகே தெப்பத்தை இழுக்கும் என்று தணிகாசலம் அறிவித்தார். நீண்ட யோசனைக்குப் பிறகு கூட்டம் இசைந்தது. ஆனால் எதற்கும் வடமும் கையில் இருக்கட்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டது.

ரகுபதியும் எதிர்க்கவில்லை. “இழுடா தணிகா, நல்லா இழு. ஆனா சாமி நடு ஏரியில நின்னுகிச்சினு வெச்சிக்கோ, அப்பால இந்த ஊர்ல ஒரு சைக்கிளுக்குக்கூட நீ ஓகே சொல்ல முடியாது” என்றார்.

தணிகாசலத்துக்கு இதைவிடப் பெரிய சாபம் இருக்க முடியாது.

படகு வந்த ஆடி மாதத்திலேயே என்ஜினை அவர் முழுவதுமாகப் பிரித்துச் சேர்த்திருந்தார். என்ஜின் சூட்டைத் தணிக்க லாரிக்கு முகப்பில் ரேடியேட்டர் உண்டு. படகுக்கு ஏரியே ரேடியேட்டர். அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, என்ஜினைச் சுற்றிவரச் செய்து, பின்புறக் குழாயில் துப்பிவிடும். உறிஞ்சுவதற்கு ஒரு சிறிய பம்பு. அதனுள் ரப்பரில் செய்த ஒரு சக்கரம். அதை இம்பெல்லர் என்றார் தணிகாசலம். இதழ் இதழாக இருந்ததால் சந்திரம்மாள் ரப்பர் பூ என்றார். பழைய பூ வாடியிருந்ததால் புதியது மாற்றப்பட்டது. பம்பின்மேல் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டப்பட்டது.

ஆயுத பூஜைக்குப் படகு கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெற்றது. சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்ற சிக்கல், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைத்துத் தீர்க்கப்பட்டது. அந்த வீட்டில் ஒரு முறை உண்டு: ஆரத்தியின்போது வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும், கற்பூரம் அணையும்வரை என்ஜினை அணைக்கக் கூடாது. மொபெட்டுக்கு ஒரு வில்லை போதும். படகு பெரிது என்பதால் அன்று கற்பூரத்தைக் கைநிறைய அள்ளி வைத்தார்கள். கற்பூரம் எரிந்தது, சாம்பிராணி புகைந்தது, என்ஜின் உறுமியது, அக்கம்பக்கத்தார் செல்பி எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு தீய்ந்த நாற்றம் எழுந்தது. சாம்பிராணி டூப்ளிகேட் என்று தணிகாசலம் தீர்ப்பளித்தார். சந்திரம்மாள் மறுநாளே பாக்கெட்டோடு கடைக்குப் போய்ச் சண்டையிட்டுவிட்டு வந்தார்.

கார்த்திகையில் சோதனை ஓட்டம் நடந்தது. மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் பைப்பை இறக்கிப் படகின் அடித்துளையில் பொருத்தி என்ஜினை ஓடவிட்டார். சூடு காட்டும் முள் அடக்கமாக இருந்தது. பின்புறக் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டியது. மார்கழியில் படகை ஏரியில் இறக்கினார்கள். நடு ஏரியை எட்டுவதற்குள் முள் சிவப்புக்குத் தாவியது. மூடியின் இடுக்குகளில் இட்லிப் பானையைப் போல ஆவி கிளம்பியது. ரகுபதியின் ஆட்களே வடம் வீசி இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் தணிகாசலத்தை மிகவும் வருத்தியது.

அடுத்து வந்த விடுமுறைகளில் ஆராய்ச்சி தொடங்கியது. உதவிக்கு மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஆறுமுகநயினார் அழைக்கப்பட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்த இளைஞர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் என்பதால் படகைப் பற்றி அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்பது தெருவின் கணிப்பு. “எனக்கு எட்டயபுரம் பக்கம் அண்ணாச்சி. கடல பஸ்சுல போகையில ஜன்னல் வழியா பாத்ததுதான். நீச்சலும் தெரியாது” என்று அவர் எத்தனையோ முறை சொல்லியும் யாரும் ஏற்கவில்லை.

முதலில் ஏரிப் பாசி துளையை அடைத்திருக்கும் என்று பார்த்தார்கள். துளை சுத்தமாக இருந்தது. முள் பொய் சொல்கிறதா என்று பார்த்தார்கள், முள் அரிச்சந்திரன். சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சந்திரம்மாளின் பால் பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சினார்கள். அது உரிய நேரத்தில் வாய் திறந்தது. பாத்திரம் மட்டும் பிறகு பாலுக்கு உதவவில்லை. மீண்டும் ஹோஸைப் பொருத்தி ஓட்டினால் என்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீட்டில் ஓகே, ஏரியில் என்ஜி. இப்படி ஒரு வகையைத் தொழிற்சாலை கண்டதில்லை.

விடையைக் கண்டவர் தணிகாசலமேதான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிப்பதற்கில்லை. வீட்டுக்கும் ஏரிக்கும் மாறியிருப்பது ஒன்றே ஒன்று என்று அவருக்குப் பட்டது. மாடியிலிருந்து வரும் தண்ணீர் தானே இறங்கி ஓடிவிடும். ஏரித் தண்ணீரைப் பம்பு உறிஞ்ச வேண்டும். மாடிக் குழாயை மூடி, ஹோஸின் நுனியைத் தரையிலிருந்த வாளிக்குள் விட்டார். என்ஜின் ஓடியது, வாளித் தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. பம்பைத் திறந்தால், புதிதாகப் போட்ட ரப்பர் பூவில் பாதி இதழ்கள் இல்லை. எஞ்சியவையும் கருகிச் சுருண்டிருந்தன. உதிர்ந்தவை குழாயின் வளைவில் சிக்கியிருக்க, ஒவ்வொன்றாக எடுத்துப் பூவோடு பொருத்திப் பார்த்து, ஒன்றும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

பிறகு வழக்கம்போல் சிவப்பு அட்டையை எடுத்தார். குறைக்குக் காரணம் என்ற இடத்தில், ரப்பர் செய்தவன் என்று எழுதினார்.

பால் பாத்திரத்தின் கதி என்னவென்று பார்க்க வந்த சந்திரம்மாள் அந்தக் கருகிய பூவைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை மோந்தார்.

“இன்னாங்க, இது நம்ம சாம்பிராணி” என்றார்.

தணிகாசலத்துக்கு விளங்கவில்லை.

“ஆயுத பூஜையன்னிக்கு வந்துதே, அந்த நாத்தம். அன்னிக்கு இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

மொபெட்டுக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அந்த நினைவிலேயே படகையும் ஓட்டியிருந்தார். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் ரப்பர் உரசி எரிந்துவிடும். ஒரு வில்லைக் கற்பூரமாக இருந்திருந்தால் பூ பிழைத்திருக்கவும் கூடும். ஆறுமுகநயினார் அவசரமாக எதையோ தேடுவதுபோல் மாடிக்குப் போய்விட்டார். ரப்பர் செய்தவன் என்பதை அடித்துவிட்டுத் தணிகாசலம் தம் பெயரை எழுதினார். வேண்டுமென்றே மிகச் சிறிய எழுத்தில்.

சந்திரம்மாள் அதோடு விடவில்லை. சாம்பிராணிக் கடைக்கு அவரை அனுப்பினார். அங்கே மன்னிப்பு என்ற சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்குச் சாட்சி இல்லை. ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினார் என்பது மட்டும் உறுதி. புதிய ரப்பர் பூவை வாங்கிவரக் படகுச் சாமான்கள் விற்கும் காசிமேட்டுக்கு, கடற்கரைக்காரர் என்ற தகுதியில் ஆறுமுகநயினார் அனுப்பப்பட்டார். கருகியதைக் கையில் கொண்டுபோனதால் சரியானதை வாங்கிவந்தார். தெருவின் கணிப்பு இதனால் மேலும் வலுப்பட்டது.

தைப்பூசத்தன்று படகு தெப்பத்தை இழுத்தது. முதல் சுற்றில் வடக்காரர்கள் தெப்பத்தில் கட்டியிருந்த வடத்தை இறுகப் பிடித்தபடி கரையோடு நடந்தார்கள். இரண்டாம் சுற்றிலும் முள் அசையவில்லை. பின்புறக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே வந்தது. மூன்றாம் சுற்றில் ரகுபதி, இனி நமக்கு வேலையில்லை என்று சொல்லி வடத்தின் பிடியைத் தளர்த்திவிட்டுக் கரையில் குந்தினார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வருவது தோல்வியை ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

தொய்ந்த வடம் தண்ணீரில் மிதந்து படகின் அடியில் போய், படகைத் தள்ளிச் சுழன்றுகொண்டிருந்த விசிறியில் சுற்றிக்கொண்டது. என்ஜின் நின்றது. முருகன் நடு ஏரியில் நின்றார்.

ரகுபதி எழுந்தார், ஆட்கள் வடத்தைப் பற்றி இழுத்தார்கள். தெப்பத்தோடு, வடத்தில் விசிறி சிக்கிய படகும் அதிலிருந்த தணிகாசலமும் சேர்ந்து கரைக்கு வந்தார்கள். இறங்கியதும் தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வடத்தில் கட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஊர் அதுவரை கண்டதில்லை.

“என் ஸ்டேஷன் ஓகேபா. கயிறுதான் என்ஜி” என்றார்.

“கட்டிக்கோடா, நல்லா கட்டிக்கோ” என்றார் ரகுபதி. “ஆனா சாமியக் கரை சேத்தது இன்னா? அந்த என்ஜிதான.”

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விசிறியில் சுற்றியிருந்த வடத்தைப் பிரிக்கத் தண்ணீரில் இறங்கினார். சற்றுப் பொறுத்து ரகுபதியும் இறங்கினார். கரையில் சந்திரம்மாள் தணலில் சாம்பிராணி தூவினார். வாசனையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.