பச்சைப் பங்களாவின் நடுத்தூண்

போடிநாயக்கனூரில் பச்சைப் பங்களாவைப் பற்றி ஆளுக்கொரு பெருமை சொல்வார்கள். பர்மாத் தேக்கு என்பார்கள், மாடியில் நின்றால் போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஏறுவது தெரியும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவள் சுப்புத்தாய். முப்பத்தைந்து வருடமாக அங்கே தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். பெருமை பேசுகிறவன் எவனும் அவளிடம் வந்து கேட்டதில்லை.

வீட்டைக் கட்டியவர் மொக்கையன் முதலாளி. மலையில் முன்னூறு ஏக்கர் ஏலத்தோட்டம், வாய்க்கு முன்னால் கை நீளுகிற மனிதர். அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. காய் பிரிக்கிற பெண்களைத் தவிர வேறு எந்த வேலைக்காரர் கையிலும் ஏலக்காய் மணக்கக் கூடாது. சாயங்காலம் வாசலில் நின்று கை கையாக மோந்து பார்த்துத்தான் வெளியே விடுவார். மணந்தால் திருடன்.

சுப்புத்தாயின் ஐயா மலைச்சாமி அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் ஜீப்பிலிருந்து மூட்டை அவிழ்ந்து கொட்டியது. முதலாளியே அவரைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னார். சாயங்காலம் கை மணந்தது. காலையில் நீங்கதானே அள்ளச் சொன்னீக என்றார் மலைச்சாமி. நாலு பேர் முன்னால் ஒரு மாட்டுக்காரன் தனக்கு ஞாபகப்படுத்துவதா என்று முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முற்றத்து நடுத்தூணில் கட்டிவைத்து மாட்டுக் கயிற்றாலேயே விளாசினார். அதிலும் ஆத்திரம் அடங்கவில்லை. வலது கையைத் தூணோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இரும்பு எடைக்கல்லால் விரல்களை நசுக்கினார். சோற்றுத் தூக்கோடு வந்த எட்டு வயது சுப்புத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது என்று இன்றைக்கும் சொல்வாள்.

அந்த விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அவருக்கு வீம்பு. பெண்டாட்டி இருந்தவரை ஊட்டினாள். அவள் போனபின் மகள் ஊட்டுகிறாள், கரண்டியால். ஏலக்காய் மணக்கிற கையிலிருந்து ஒரு பருக்கை வாங்க மாட்டார். சுப்புத்தாய் சீயக்காய், சாம்பல், எலுமிச்சந்தோல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். போகிற வாடையா அது? வேறு சோலி கிடைக்காமல்தான் மகள் அந்த வீட்டுக்கே போனாள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு அது ஒவ்வொரு வேளையும் வலிக்கும்.

மொக்கையன் மெத்தையில் படுத்துச் சுகமாகச் செத்தார். அவர் மகன்கள் இருவரும் முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பி வீட்டைப் பங்கு போட்டார்கள். நடுத்தூண் யார் பக்கம் என்பதில் தகராறு. ஒரு மத்தியானம் தம்பிக்காரன் அரிவாளோடு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனைக் கழுத்தில் வெட்டினான். அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. மூன்றாவது தூணில் மாட்டிக்கொண்டது. பரப்பியிருந்த காயின் மேல் ரத்தம் பீய்ச்சியது. போலீசு போனதும், அந்தக் காயையும் கழுவி உலர்த்தச் சொன்னாள் தம்பியின் பெண்டாட்டி. சுப்புத்தாயும் கழுவினாள். சோறு வேண்டுமே.

கொலை விழுந்த வீட்டை வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் ஏலக்காய் வியாபாரி சவுகத் அலி வாங்கினார். சுவரை இடித்தார், மோந்து பார்க்கிற வழக்கத்தை நிறுத்தினார், மாடியைத் தாங்குகிறதே என்று தூணை மட்டும் விட்டுவைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நொடித்துப்போன குடும்பமாயிற்றே என்று பாவம் பார்த்து, மொக்கையனின் மகள் வயிற்றுப் பேரன் லிங்கேஸ்வரனை சூப்பர்வைசராகப் போட்டார்.

போன ஐப்பசியில் ஒருநாள், சவுகத் அலி ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்துக்குப் போயிருந்தார். மூட்டை ஒன்றில் இரண்டு கிலோ குறைந்தது. லிங்கேஸ்வரனுக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. காய் பிரிக்கிறவர்களை விட்டு மற்ற எல்லாரையும் வாசலில் நிறுத்தி மோந்து பார்த்தான். கூட்டிப் பெருக்குகிற அனுசியாவின் கை மணந்தது. ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை.

மத்தியானம் காய் புடைக்கிற தன் சுளகு கவிழ்ந்தபோது அனுசியாவைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னவள் சுப்புத்தாய்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் தானும் ஒரு மொக்கையன் என்று அவளுக்குப் பட்டது.

"நாந்தான் தம்பி அள்ளச் சொன்னேன். அந்தப் பிள்ளைய விடுங்க," என்றாள்.

கூட்டுக் களவாணிகளா என்று அவளை எட்டி உதைத்தான். தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்திருந்த பழைய எடைக்கற்களின் மேல் போய் விழுந்தாள். அவன் அனுசியாவை அவள் துப்பட்டாவாலேயே தூணில் கட்டினான். அறைந்தான். உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தான். பிறகு வலது கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் அவள் முடியைப் பற்றி உண்மையைச் சொல்லடி என்று உலுக்கினான்.

தூணில் ஊன்றிய அந்தக் கையைத்தான் சுப்புத்தாய் பார்த்தாள். இரண்டு கிலோ கல்லை வளையத்தோடு பிடித்துத் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். அவன் அலறிக் கையை இழுப்பதற்குள் இன்னொரு அடி. ஐம்பது வருடம் கழித்து அதே சத்தம். இந்தத் தடவை அவளுக்கு அது இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

ஏல மையத்திலிருந்து திரும்பிய சவுகத் அலி வந்து நின்றார். சுப்புத்தாய் கல்லைக் கீழே போடாமலே பேசினாள்.

"அவரு கையையும் மோந்து பாருங்க பாய். அதுவும் மணக்கும்."

அவர் அனுசியாவை அவிழ்த்துவிட்டார். பக்கத்து மூட்டையைத் தராசில் ஏற்றினார். அதில் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. மத்தியானம் அள்ளிய காய் அதில்தான் போயிருந்தது. லிங்கேஸ்வரனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள், வக்கீலுக்கு நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். முதலில் எங்க ஐயாவுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் நடந்தாள்.

வீட்டில் மலைச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரத்தத்தைக் கழுவியிருந்தாள். ஏலக்காய் வாடை அப்படியே இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள், நாளைக்கு யார் ஊட்டுவார்கள் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். கிழவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தக் கை ஆத்தா?"

"வலது கைதான்யா."

அவள் கரண்டியை எடுத்தாள். அவர் அதை முழங்கையால் தள்ளிவிட்டு, அவள் கைக்கு நேராக வாயைத் திறந்தார். நாலு வாய் வாங்குவதற்குள் வாசலில் போலீசு ஜீப்பு வந்து நின்றது.