சத்தமில்லாமல் சிரித்தவர்கள்

பறவை காட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் சுளுக்கிக்கொள்வது கழுத்து, அடுத்தது பொறுமை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பெங்களூரில் பிரேசர் டவுனை ஒட்டிய ஒரு பூங்காவில், கூடி வருகிற பத்துப் பதினைந்து பேருக்கு மரங்களையும் பறவைகளையும் காட்டுவது என் வேலை. மற்ற நாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே யாரும் என்னிடம் "எங்கே மேடம், எங்கே?" என்று கேட்பதில்லை. உங்களில் யாராவது ஒரு கூட்டத்தை ஒரே கிளையைப் பார்க்கவைக்க முயன்றிருந்தால் என் பாடு புரியும். "அதோ, அந்த இலைக்குப் பக்கத்தில்" என்று கை நீட்டுவோம். மரம் முழுக்க இலை. "எந்த இலை?" என்று நியாயமாகத்தான் கேட்பார்கள். நாம் விளக்கி முடிப்பதற்குள் பறவை வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கும்.

பெரிதாக ஏதாவது

ஒரு ஞாயிறன்று, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் முருகேசன் மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார். செம்பருத்திச் செடியில் ஒரு தேன்சிட்டு, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், வெயிலில் நீலமாகவும் ஊதாவாகவும் மின்னிக்கொண்டிருந்தது. நான் மெய்மறந்து அதன் அலகு, அது கூடு கட்டும் விதம் என்று பேசிக்கொண்டே போனேன். முருகேசன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். அடுத்து அணிலைக் காட்டினேன். அதற்கும் தலையாட்டினார். அப்புறம் ஓர் எறும்புப் புற்று. அதற்குமேல் அவரால் முடியவில்லை. என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய், மனசு புண்பட்டுவிடக்கூடாதே என்ற கவலையோடு சொன்னார்.

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம் மேடம். கொஞ்சம் பெருசா ஏதாவது காட்டுங்க."

போட்டிக் கம்பெனி

என்னிடம் இருப்பதிலேயே பெரிய சரக்கு ஓர் ஆந்தை ஜோடிதான். பூங்காவின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. அதன் தண்டில், ஏணிக்கும் எட்டாத உயரத்தில் ஒரு பொந்து. அதில்தான் அந்தப் புள்ளி ஆந்தைகளின் குடித்தனம். மைனாவைவிடப் பெரிய உடம்பு இல்லை, ஆனால் அந்தக் கண்களால் ஒரு முறை முறைத்தால் யாரும் அளவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அதே மரத்தடியில்தான் சிரிப்புச் சங்கமும் கூடுகிறது. தினமும் காலையில் இருபது பேர் வட்டமாக நின்று, கைகளை மேலே தூக்கி, "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். உடம்புக்கு நல்லதாம். தலைவர் பெஞ்சமின் சார், ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. அவர் முதல் "ஹோ" போட்டதும் எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிவிடும். நான் காட்டுவதற்கென்று பார்த்து வைத்திருந்த பறவைகளும் கூடவே கிளம்பும். வேறு இடத்துக்குப் போகச் சொல்லலாம் என்றால், இடம் ஏது? ஒரு மூலை யோகாவுக்கு, இன்னொரு மூலை ஜும்பாவுக்கு, புல்வெளி பேட்மிண்டனுக்கு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நேரே போய், "சார், மேலே ஆந்தை தூங்குகிற நேரம்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆந்தைக்கு நைட் ஷிஃப்ட், எங்களுக்கு மார்னிங் ஷிஃப்ட் மேடம். ஷிஃப்ட் மாறுற நேரத்துல கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்."

குப்பைக்குக் கண்

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், சங்கத்தார் கலைந்துபோன பிறகு, பூங்காவைப் பெருக்கும் பொன்னம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். தான் கூட்டிவைத்த சருகுக் குவியலிலிருந்து நாலடி தள்ளி, துடைப்பத்தை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குவியலுக்குள் ஓர் ஆந்தைக் குஞ்சு! சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை, அதில் இரண்டு மஞ்சள் கண்கள். பறக்கத் தெரியாத வயசு. பொந்திலிருந்து விழுந்திருக்கிறது. காயம் எதுவும் தெரியவில்லை, ஆனால் பூங்காவில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை.

அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் தோழி ஒருத்திக்குப் போன் செய்தேன். "வீட்டுக்குத் தூக்கிப் போகாதே. ஒரு கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிடு. அம்மாவும் அப்பாவும் வந்து ஊட்டுவார்கள்" என்றாள். வராவிட்டால் என்று கேட்டேன். வந்து எடுத்துப் போக அவள் ஊரில் இல்லையாம். இரண்டு மூன்று நாளில் பெற்றவர்கள் ஊட்ட ஆரம்பிக்காவிட்டால் பிழைப்பது சிரமம் என்றாள். விஷயத்தைப் பொன்னம்மாவிடம் சொன்னேன். அவர் குஞ்சிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இத்தினி வருசமா இந்தக் குப்பைய நான் பாக்குறேன் மேடம். இன்னிக்குக் குப்பை என்ன மொறைச்சுப் பாக்குது!"

கோழிக்கூடை

கூடைக்கு எங்கே போவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது நடைப்பயிற்சிக்கு வந்த ரஃபீக் பாய் எட்டிப் பார்த்தார். சிவாஜிநகரில் கோழிக்கடை வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். கழுவிச் சுத்தம் செய்த ஒரு கோழிக்கூடையோடும் கயிற்றோடும் திரும்பி வந்தார். அடியில் பொன்னம்மா சருகைப் பரப்பினார். நான் குஞ்சை எடுக்கக் குனிந்தேன். அது அலகை டக் டக்கென்று சொடுக்கியதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பறவைகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவள், ஒரு பறவையைத் தொடப் பயந்து நின்றேன்.

ரஃபீக் பாய் தோளில் கிடந்த துண்டால் குஞ்சைப் போர்த்தி, அடியில் கை கொடுத்து, கூடையில் உட்காரவைத்தார். பூங்காவின் ஏணி எட்டிய மட்டில், தாழ்ந்த கிளை ஒன்றில் கூடையை இறுக்கிக் கட்டினார். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"டென்ஷன் நக்கோ, வேணாம் மேடம். கூடையிலேர்ந்து எடுக்கத்தான் நமக்குப் பழக்கம். இன்னைக்குத்தான் கூடையில வெச்சுட்டுப் போறேன்."

திங்கட்கிழமைச் சிரிப்பு

அன்று மாலை பெற்றவர்கள் இறங்கி வரவில்லை. மேல்கிளையில் உட்கார்ந்து கூடையைப் பார்த்துக் கத்தியதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூங்கா திருவிழா மாதிரி இருந்தது. எந்த ஆந்தை வரும்? மறுநாள் விடியலிலேயே ஓடினேன். மங்கல் வெளிச்சத்தில் ஓர் ஆந்தை, அலகில் பல்லியோடு உட்கார்ந்திருந்தது. கூடைக்குள் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆந்தை ஒரு கிளை இறங்கியது. இன்னும் ஒரு கிளை இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹோ ஹோ, ஹா ஹா ஹா!"

ஆந்தை விருட்டென்று மேலே போய்ப் பல்லியைத் தானே விழுங்கிவிட்டது. குஞ்சு மட்டும் திறந்த வாயை மூடாமல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்புச் சங்கத்தின் நடுவே ஒரு பெண்பிள்ளை போய் நின்று அழுதால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இருபது பேரும் தூக்கிய கைகளை இறக்கினார்கள். விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் லீவு விடுங்கள் சார் என்று கெஞ்சினேன். பெஞ்சமின் சார் கூடையைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். கணவரைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், நாள் முழுக்க வாய் திறந்து பேச ஆளில்லாதவர்கள் அவர்களில் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் யோசித்தபின் அவர் சொன்னார்.

"நிறுத்த முடியாது மேடம், இங்க பாதிப் பேருக்கு இதான் மருந்து. மெஷின் ஓடட்டும். சவுண்டை மட்டும் ஆஃப் பண்ணிடறேன்."

அனுமதி இல்லாத போராட்டம்

அடுத்த நாள் காலையில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! இருபது பேர் வட்டமாக நின்று, கைகளை வானத்துக்குத் தூக்கி, வாயை முழுக்கத் திறந்து, தோள் குலுங்க, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். துளிச் சத்தம் இல்லை. பெஞ்சமின் சாருக்கு முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காலமெல்லாம் கத்தியே பழகிய அந்தத் தொண்டையை அவர் எப்படித்தான் கட்டிப்போட்டாரோ. சற்று நேரத்தில் ஆந்தை ஒவ்வொரு கிளையாக இறங்கிக் கூடை விளிம்பில் உட்கார்ந்தது. குஞ்சின் வாயில் எதையோ திணித்துவிட்டுப் பறந்தது. யாரும் கைதட்டவில்லை, ஒரு "ஆஹா"கூட இல்லை. வாயைத் திறந்தபடியே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இருபது பேர் காலிலும் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். வட்டத்தை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். அதட்டிக் கேட்க வாயெடுத்தவரை நான் உதட்டில் விரல் வைத்து ஓரமாக அழைத்துப் போனேன். என்ன காரணத்தாலோ அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ப்ரொடெஸ்ட் பண்றதுக்கு இங்க பர்மிஷன் இல்லம்மா. எதுக்கு எதிரா பண்றாங்கன்னாவது சொல்லுங்க."

இயற்கை ஆர்வலர்கள்

ஞாயிற்றுக்கிழமை என் ஆட்களின் முறை. முருகேசன் குடும்பம் மறுபடியும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தது. வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி வைத்து உபதேசம் செய்தேன். போனை அணைக்க வேண்டும், காலடிச் சத்தம் கேட்கக்கூடாது, தும்மல் வந்தால்கூடக் கைக்குட்டைக்குள் தும்ம வேண்டும். காட்டு உயிர்களை நேசிப்பவர்களுக்கு முதல் தகுதி மௌனம் என்று வேறு சொல்லிவைத்தேன். பூனைநடை போட்டுப் போய்ச் செடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஆந்தை இரையோடு வந்துவிட்டது. கூடைக்கு ஒரு கிளை பாக்கி.

ஆனால் என் ஆட்கள் ஆந்தையைப் பார்க்கவில்லை. சத்தமில்லாத சிரிப்புச் சங்கத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. முதலில் முருகேசனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார், பயனில்லை. அவ்வளவுதான், பதினைந்து பேரும் வெடித்துவிட்டோம். ஆமாம், நானும்தான். அடக்க அடக்க அதிகமானது. ஆந்தை இரையோடு கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய்விட்டது. சங்கத்தார் தூக்கிய கையோடு அப்படியே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சமின் சார் நுனிக்காலில் நடந்து வந்தார். வாழ்க்கையில் அவர் முதன்முதலாகக் கிசுகிசுத்தது அன்றைக்காகத்தான் இருக்கும்.

"சிரிக்கணும்னா அந்தப் பக்கம் போய் சிரிங்க மேடம். இங்க ஒரு குழந்தை பசியோட இருக்கு."

காலிக்கூடை

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் விடியலில் பொன்னம்மா போன் செய்தார். "கூடை காலி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ரஃபீக் பாய் மரத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து இறகு கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். பூனை தூக்கிப் போயிருந்தால் இறகாவது மிஞ்சும். சங்கத்தார் வட்டம் போடாமல் கும்பலாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தேடும் தொழிலை உருப்படியாக நான் செய்தது அன்று ஒருநாள்தான். கூடையிலிருந்து கிளை, அதிலிருந்து அடுத்த கிளை என்று கண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். கிட்டத்தட்ட உச்சியில், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் குஞ்சு. கழுத்தை மேலும் கீழும் ஆட்டி எங்களைப் பார்த்தது. பிறகு, யாரும் கேட்காமலேயே, பக்கத்துக் கிளைக்கு ஒரு முறை பறந்து காட்டியது. இந்தத் தடவை "எந்த இலைக்குப் பக்கத்தில்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பொன்னம்மா துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ரஃபீக் பாய் என்னைப் பார்க்காமல் மூக்கைச் சிந்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சார், உங்களுக்குக் கோடி நன்றி. இனிமேல் சத்தமாகவே சிரிக்கலாம்" என்றேன். இருபது பேரும் ஓடிப்போய் வட்டம் கட்டினார்கள். அத்தனை நாள் அடக்கிவைத்த சிரிப்பு அத்தனை பேர் முகத்திலும் முட்டிக்கொண்டு நின்றது. பெஞ்சமின் சார் கைகளைத் தூக்கினார், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். எதிர்க் கட்டடத்துப் புறாக்கள்கூடத் தயாராகியிருக்கும். அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் பொந்தின் மேல் இருந்தது. அங்கே, எங்கள் குஞ்சைவிடச் சின்னதாக, இன்னொரு பஞ்சு உருண்டை எட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டது. இழுத்த மூச்சைச் சத்தம் வராமல் மெல்ல வெளியே விட்டார் பெஞ்சமின் சார்.

"வேணாம் மேடம். இப்பதான் தூங்கப் போகுது போல. சின்னது வெளிய வர்ற வரைக்கும் இப்படியே சிரிக்கறோம்."

பறவை காட்டும் தொழிலில் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பதவி உயர்வு, நான் வாயைத் திறந்தாலே "உஷ்" என்று அதட்ட எங்கள் பூங்காவில் இருபது பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.